நான் மினுக்கிய தகடு

பத்து வயதிலேயே பாத்திரம் மினுக்குவதில் நான் கெட்டிக்காரி. சாம்பலும் தேங்காய்த் தும்பும் கையில் கிடைத்தால் சோற்றுப் பானையின் அடிக்கரியைக்கூட விடமாட்டேன். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சண்டையில் பாதை மூடியிருந்த காலம் அது. எங்கள் முல்லைத்தீவுக் கரைக்கு இரும்பில் அடிக்கிற பெயின்றும் வரவில்லை, கிரீசும் வரவில்லை. உப்புக் காற்றில் படகு இயந்திரங்களின் ஆணிகளும் நட்டுகளும் துருவேறிப் பொரிந்தன. இயந்திரம் திருத்தும் என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு யோசனை சொன்னார். அந்தக் காலத்தில் வலை இற்றுப்போகாமல் தோய்த்த பனிச்சங்காய்ச் சாற்றை இரும்பில் பூசினால் துரு அண்டாதாம். கரையில் ஒருவரும் நம்பவில்லை. மாமா விடவில்லை. இரண்டு இரும்புத் தகடுகளை எடுத்து, ஒன்றில் மட்டும் சாற்றைப் பூசி, இரண்டையும் கடலோரக் கம்பத்தில் கட்டினார். ஒரு மாதம் கழித்து, ஞாயிறு பூசை முடிய எல்லோரும் வந்து பார்ப்பது, சரிவந்தால் தங்கள் இயந்திரங்களை அவரிடம் ஒப்படைப்பது என்று பேச்சு. மாமாவுக்கு அப்போது வேறு வேலையே இருக்கவில்லை.

சனிக்கிழமை அவர் புதுக்குடியிருப்புக்குப் போய்விட்டதால், தகடுகளைக் கழற்றி வரும் பொறுப்பு எனக்கு வந்தது. வெறும் தகடு சிவந்து உதிர்ந்தது. பூசிய தகடு துருவில்லாமல், ஆனால் சாறு இறுகிக் கன்னங்கரேலென்று அசிங்கமாக இருந்தது. இந்த அழுக்கையா நாளைக்கு நாலு பேருக்குக் காட்டுவது? மாமாவின் மானத்தைக் காப்பாற்ற நான் குந்தியிருந்து மினுக்கு மினுக்கென்று மினுக்கினேன். வெள்ளியாய்ப் பளபளத்ததை உவர்த் தண்ணீரில் அலசி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் மாமா சாக்கைப் பிரித்தார். தகடு செக்கச்செவேலென்று துருப்பிடித்திருந்தது.

“என்ன தம்பி, ரெண்டும் ஒரே நிறமாக் கிடக்கு!” என்றார் படகும் வலையும் வைத்து ஆட்களை வேலைவாங்கும் ஒரு சம்மாட்டி. சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

எல்லோரும் போனபின் மாமா என்னருகே வந்து குனிந்தார். “போன கிழமை நான் பாக்கேக்க நல்லாத்தானே இருந்தது. நீ கழட்டேக்க எப்பிடிக் கிடந்தது, பிள்ளை?”

“அப்பவே சிவத்துத்தான் கிடந்தது, மாமா.”

மாமா தலையாட்டினார். அன்று பின்னேரமே சாற்றுப் பானையை வேலியோரம் கவிழ்த்துவிட்டு, அடுத்த கிழமை அதே சம்மாட்டியிடம் வலை இழுக்கப் போனார். எனக்கு அடி விழவில்லை. என் பொய் அவ்வளவு கெட்டியான பொய் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். நான் பொய் சொல்வேன் என்று நினைப்பதைவிட, தன் கண்தான் பிழையாகப் பார்த்திருக்கும் என்று நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.