பஞ்சாட்சரம் தோற்ற தேர்தல்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஜவ்வாது மலைக்குத் திரும்பிய முதல் வாரமே பஞ்சாட்சரம் அதைப் பார்த்தார். மலைச்சரிவு வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. சாமைக்கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவருடைய சொந்த அண்ணனும் இருந்தார். ஜீப்பில் வந்தவர் தடுப்பூசி போட வந்த சுகாதார அலுவலர். ஆளில்லாத ஊரைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார்.

எழுபத்தொன்று யுத்தத்தில் குண்டு விழுந்த ஆற்றங்கரையில் பாலம் போட்ட படைப்பிரிவில் இருந்தவர் பஞ்சாட்சரம். ஜீப் சத்தம் கேட்டாலே காக்கிச் சட்டை வருகிறது என்று வளர்ந்த ஆம்பிளைகள்கூட இப்படி ஓடுவார்கள் என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பலாமரத்தடியில் ஊரைக் கூட்டினார். அதிகாரி முன்னால் குனியாமல் நிற்பது எப்படி, கேட்க வந்ததை முதல் வாக்கியத்திலேயே கேட்பது எப்படி, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பது எப்படி என்று வாராவாரம் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவராக அதிகாரி வேஷம் போட்டுக் காட்டியபோது ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டது. பொம்பிளைகள் தள்ளி நின்று கேட்டார்கள். அவர்களையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். ஊர்ப் பெரியதனக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். சில வாரம் கழித்து அவர்களும் திரும்பி வந்தார்கள்.

"முன்னால போறவன் உழுந்துட்டா பின்னால வர்றவன் அந்த எடத்துக்கு வந்துடணும். யாராவது சொல்லுவாங்கன்னு பாத்துனு நிக்கக் கூடாது. பட்டாளம் அப்படித்தான் நடக்குது" என்பார்.

கேள்வி கேட்பதில் கெங்கம்மாளை மிஞ்ச ஆளில்லை. ஊர் மேலூர், கீழூர் என்று இரண்டாகக் கிடந்தது; அவள் சரிவுக்குக் கீழே இருந்த கீழூரில் புளியும் கடுக்காயும் பொறுக்கி விற்கிற விதவை. படிப்பு கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டாள். அவளை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டிப் பேசுவதில் பஞ்சாட்சரத்துக்குப் பெருமை.

இப்படியே பத்து வருஷம் போனது. மலையில் பள்ளிக்கூடம் வந்தது, வாரம் ஒருமுறை மருந்து வண்டி வந்தது. எண்பத்தாறில் ஊராட்சித் தேர்தல் அறிவித்தார்கள். தலைவர் யார் என்ற பேச்சே எழவில்லை. பஞ்சாட்சரமும் தன்னைத் தவிர வேறு பெயரை நினைத்துப் பார்க்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, வேறு யாராவது நிற்க விரும்புகிறார்களா என்று ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டு வைத்தார்.

கெங்கம்மாள் எழுந்தாள். "நான் நிக்கிறேண்ணா."

அவருக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. அவள் உட்காரவில்லை. புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"போர் போட்டுக் கைபம்பு வச்சாங்களே, மேலூர்ல உங்க தெருவுல. அந்த எடத்த யாரக் கேட்டு காட்னீங்க?"

போர் போடுகிற லாரி கீழூருக்கு இறங்காது என்றார் அவர். லாரிக்காரர் அப்படிச் சொன்னாரா என்று அவள் கேட்டாள். பஞ்சாட்சரம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அன்று நடந்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கே போடலாம் என்று அதிகாரி கேட்டார். இவர் தெருவைக் காட்டினார். லாரியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அந்தச் சமாதானம் பிறகு அவருக்குள் தானாக முளைத்தது. அதை அவரே நம்பியும் இருந்தார்.

"நானே காட்னேன்" என்றார்.

கெங்கம்மாள் அவ்வளவுதான் என்பதுபோல உட்கார்ந்துவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கீழூர்ப் பெண்கள் அந்தப் பம்புக்கு மேடேறி வந்து குடம் சுமந்து இறங்குவதை அவர் வருஷக்கணக்காகத் தன் வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். பார்த்தும் அது அவர் மனசில் பதியவே இல்லை.

இருந்தாலும் ஜெயிப்போம் என்றுதான் நம்பினார். எண்ணி முடித்தபோது கெங்கம்மாள் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்திருந்தாள். கீழூர் ஓட்டு மட்டும் இருந்தால் அவ்வளவு வராது, மேலூரும் போட்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து, யாரெல்லாம் துரோகம் செய்திருப்பார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார். மனைவி சுந்தரம்மாள் கூழைக் கரைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஊரத் திட்டாதீங்க. நானும் அவளுக்குத்தான் போட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். பட்டாளத்திலிருந்து அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் காத்திருந்தவள்.

"நீயுமா?"

"நம்ம வூட்டு வாசல்ல தண்ணி புடிக்கிறப்போ அவளுங்க மூஞ்சிய நான் தெனமும் பாக்குறேங்க. நீங்க பாக்கல."

அதற்குப் பிறகு அவர் பலாமரத்தடிக்குப் போகவில்லை. கூட்டம் அவர் இல்லாமலே நடந்தது. அதுவும் ஓர் அடியாகத்தான் விழுந்தது. சொல்லிக்கொடுத்தவன் இல்லாவிட்டால் கலைந்துவிடும் என்று நினைத்திருந்தார்.

சாமை அறுப்பு முடிந்து புருஷனும் பெண்டாட்டியும் களத்தில் தூற்றிக்கொண்டிருந்த ஒரு காலை கெங்கம்மாள் வந்தாள். அடிவாரத்துப் போளூரில் அதிகாரிகள் கூட்டம், கீழூருக்கு இன்னொரு கைபம்பு கேட்கப் போகிறேன், பயமாக இருக்கிறது என்றாள்.

"உங்களுக்கு பயமே வராதாண்ணா? சண்டையில இன்னா செஞ்சீங்க?"

ஊருக்குச் சொல்லும் கதை ஒன்று அவரிடம் தயாராக இருந்தது. அதைத்தான் சொல்லப்போனார். வாயிலிருந்து வந்தது வேறு.

"முதல் குண்டு உழுந்தப்போ லாரிக்கு அடியில பூந்துக்கினேன். பாலம் பாதியில நிக்குது. எங்க ஹவில்தார் ஒருத்தரு ஊர்ந்து வந்து பக்கத்துல படுத்தாரு. திட்டல. எனக்கும்தான் பயமா இருக்குது, ரெண்டு பேருமா போலாம் வான்னாரு. போனேன்."

களத்து மூலையில் சுந்தரம்மாள் முறத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத செய்தி அது. சொன்னவருக்கும் அதிர்ச்சிதான். பத்து வருஷம் தைரியம் சொல்லிக்கொடுத்தவர், தனக்கு அதைச் சொல்லிக்கொடுத்த ஆளைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

தனியாகப் போவதாக இருந்தேன், பக்கத்து வீட்டு முத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கெங்கம்மாள் போனாள்.

கைபம்பு கிடைத்தது. ஆனால் லாரி இறங்க வழியை ஊரே போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் கூடி, வேலையை மேற்பார்வை பார்க்கக் கீழூர்க் காசியைத் தேர்ந்தெடுத்தது. பஞ்சாட்சரம் கடப்பாரையோடு போய் வரிசையில் நின்றார். வளைவுகளை இன்னும் அகலமாக வெட்டினால்தான் லாரி திரும்பும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். காசி அதை எல்லோரிடமும் கேட்டான். ஓரிடத்தில் அப்படியே வெட்டலாம் என்றார்கள், இன்னோரிடத்தில் புளியமரம் போய்விடும், வேண்டாம் என்றார்கள். பாலம் கட்டியவருக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

"அந்தக் கல்லையெல்லாம் அந்தாண்ட சேத்துடுங்க, மிலிட்ரிண்ணா" என்றான் காசி.

பஞ்சாட்சரம் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுக் கல்லைத் தூக்கினார்.