நிழல் பக்கத்துப் பெஞ்சு

அந்தப் படகில் மைக் என்பது ஓர் அலங்காரப் பொருள்தான். ஒருமுறை மூன்று நாள் அது வேலை செய்யாமல் கிடந்தது. பயணிகளில் ஒருவருக்கும் தெரியவில்லை, படகு முதலாளிக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் பேட்டரி மாற்ற வந்தவன் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. அன்றிலிருந்து அதில் பேசுகிற பெண்ணுக்கு 'சைரன்' என்று பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து 'சைரன் அக்கா' என்பார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மாலை நான்கு மணிக்குப் படகு துறையை விட்டுக் கிளம்பும். நாற்பத்திரண்டு பேர், முக்கால் மணி நேரம், எதிரே ஒரு தீவு. சுற்றி நடந்தால் அரை மணியில் முடிந்துவிடுகிற தீவுதான். ஆனால் தென்னை மரங்கள் தண்ணீர் வரைக்கும் சாய்ந்து நிற்கும், மணல் மாவு மாதிரி இருக்கும், முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் நகம் தெரியும். அங்கே ஒரு மணி நேரம் ஆட்டம் பாட்டம். பிறகு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பாதி வழியில் இன்ஜினைத் தணித்து நிறுத்துவார்கள். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்புவார்கள். டிக்கெட் வாங்குகிறவர்கள் தீவுக்காக வாங்குவதில்லை, அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்துக்காகத்தான் வாங்குகிறார்கள்.

சைரன் அக்காவுக்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் சம்பளம். மற்ற நேரமெல்லாம் அவள் செய்வது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை: லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, தலை எண்ணுவது, வாந்தி வருகிறவர்களுக்கு எலுமிச்சைத் துண்டு கொடுப்பது. சூரியன் இறங்க ஆரம்பித்ததும் நாற்பத்திரண்டு பேரும் எழுந்து ஒரே பக்கம் ஓடுவார்கள். மனித சுபாவம் அப்படி. படகு சின்னது, அது மனித சுபாவத்தைத் தாங்காது. படகைத் திருப்பித் திருப்பிக் காட்டலாமே என்று மெத்தப் படித்த ஒருவர் முதலாளிக்கு யோசனை சொன்னார். வரும் அலைக்கு நேராக மூக்கை வைத்து நின்றால்தான் படகு நிற்கும், பக்கவாட்டில் அலை வாங்கினால் காபி டம்ளரோடு மனிதர்களும் உருளுவார்கள் என்று அக்கா அவருக்கு விளக்கினாள். அவர் அதற்குப் பிறகு யோசனை சொல்வதை விட்டுவிட்டார்.

ஆகவே அவள் படகை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். சூரியன் பக்கம், நிழல் பக்கம். பாதிப் பேர் ஐந்து நிமிஷம் சூரியன் பக்கக் கம்பியருகே நிற்கலாம், மீதிப் பேர் நிழல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வேண்டும். பிறகு முறை மாற வேண்டும். முதல் கூட்டத்திடம், "நிறமெல்லாம் இப்பதாங்க, அப்புறம் வெறும் சிவப்பு" என்பாள். இரண்டாம் கூட்டத்திடம், "முங்கறதைப் பார்க்கிறதுதாங்க விசேஷம்" என்பாள். இரண்டும் பொய்யில்லை, பாதி உண்மை. கேட்காதவர்களுக்குத்தான் அந்தக் குரல். அமைச்சர் ஒருவரையே உட்கார வைத்திருக்கிறாள். அமைச்சர் என்று தெரிந்தேதான் உட்கார வைத்தாள்.

அவள் கணவர் தையற்கடையில் துணி வெட்டுகிறவர். வீட்டில் ஒருவர் பேசினால் போதும் என்று கல்யாணமான வாரமே முடிவெடுத்து, இருபத்தேழு வருஷமாக அதில் உறுதியாக இருக்கிறார். ஒரே மகள். சின்ன வயதில் பள்ளி விட்டதும் நேராகப் படகுக்கு வந்துவிடுவாள், வீட்டுப்பாடம் எல்லாம் நிழல் பக்கத்துப் பெஞ்சில்தான். இப்போது மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களை நடக்கவைக்கும் வேலை. அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போனது. பையனுக்கும் இவளென்றால் உயிர். பையனின் அம்மாதான் பாக்கி.

அந்த அம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. கணவரை இழந்து ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவர். வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போகிற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். அந்தம்மாவை வேலை பார்க்கிற இடத்துல பார்க்கணும். பார்த்துட்டு சரியா இல்லையான்னு சொல்றேன்" என்றார். வரும் சனிக்கிழமைக்கு அவருக்கும் பையனுக்கும் மகளுக்குமாக மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று.

மகள் அன்று ராத்திரியே அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவை அவளுக்குத் தெரியும்.

"அம்மா, ஒரே ஒரு நாள் மெதுவா பேசும்மா. அவங்க சத்தமே பிடிக்காத ஆளு. ஒரு வார்த்தை தப்பாப் போச்சுன்னா வேணாம்னுடுவாங்க. அவரு அவங்க பேச்சைத் தாண்ட மாட்டாரு."

"நான் எப்ப சத்தம் போட்டேன்?" என்றாள் சைரன் அக்கா. தெரு முனையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

துணி வெட்டுகிறவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார்.

சனிக்கிழமை தலைமையாசிரியை பெரிய ஓலைத் தொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களை 'உட்கார்' என்று சொன்னவர் நடக்கிற நடையே தனி. துறையில் நின்றவர்கள் தானாக வழிவிட்டார்கள். பின்னால் பையன். நல்ல உயரம், நல்ல முகம், ஆனால் அன்று முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவுக்குப் பயப்படுகிறான் போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அன்று அவள் நடந்துகொண்ட விதத்துக்குப் பரிசே கொடுக்கலாம். "வாங்க டீச்சர், பார்த்துக் காலை வைங்க" என்று பூப்போலச் சொன்னாள். தலை எண்ணும்போது உதடு மட்டும் அசைந்தது. தீவில் இறங்கியதும், செருப்பைக் கழற்றாமல் தண்ணீருக்குள் போன கும்பலைக்கூடக் கைகூப்பித்தான் கேட்டுக்கொண்டாள். படகு ஓட்டுகிறவருக்குக் 'கேப்டன்' என்று பட்டப்பெயர். பத்து வருஷமாக இவளோடு வேலை செய்கிறவர். அவர் அருகில் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார்.

தலைமையாசிரியை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். தீவில் மகளும் பையனும் தென்னை நிழலில் நடந்தபோதும் அவர் கண் பையன்மேலேயே இருந்தது. அவன் தண்ணீருக்குப் பத்தடி தள்ளியே நடந்தான்.

திரும்பும் வழியில் கேப்டன் இன்ஜினைத் தணித்தார். கடல் சமர்த்தாகத்தான் இருந்தது. அக்கா முதல் கூட்டத்தைச் சூரியன் பக்கம் அனுப்பினாள், தொப்பிக்காரம்மாவும் அதில். மகளையும் பையனையும் இரண்டாவதில் வைத்திருந்தாள். ஐந்து நிமிஷம் ஆனது.

"முதல்ல பார்த்தவங்க எல்லாரும் தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வாங்க" என்றாள், மைக்கில், வாழ்க்கையில் முதன்முறையாக மைக்கின் உதவி தேவைப்படுகிற குரலில்.

தலைமையாசிரியை நகரவில்லை. இரண்டாம் கூட்டம் வந்து கம்பியைப் பிடித்தது. மகன் வந்து தனக்கு இரண்டு பேர் தள்ளி நின்றதும் அவர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போகக் கிளம்பிய ஒரு குடும்பம் இதைப் பார்த்தது. "அந்தம்மா மட்டும் நிக்கலாமா?" என்று அதுவும் நின்றது. அதைப் பார்த்து அடுத்த குடும்பம். நிழல் பக்கத்துப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. தரையில் யாரோ வைத்திருந்த தண்ணீர் பாட்டில் மெல்ல உருண்டு சூரியன் பக்கம் போனது.

அக்கா பாட்டிலைப் பார்த்தாள். தலையைத் திருப்பி நிழல் பக்கத்துக் கடலைப் பார்த்தாள். துறைமுகத்துக்குப் போகும் சரக்குக் கப்பல் ஒன்று வேகமாகக் கடந்துபோயிருந்தது. கப்பல் போய்விடும், அது கிளப்பிய அலை பின்னால் வரும். மூன்று வரிசை, தடித்த அலை, நிழல் பக்கத்திலிருந்து. ஏற்கெனவே சாய்ந்த படகை அந்தப் பக்கத்திலிருந்து தூக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேப்டனும் பார்த்துவிட்டார், மூக்கைத் திருப்ப ஆரம்பித்தார். அதற்கு அரை நிமிஷம் வேண்டும்.

மகளின் கல்யாணம் ஒரு கணம் அவள் தொண்டையில் வந்து நின்றது. நின்றது உண்மைதான். அடுத்த கணம் அதை விழுங்கிவிட்டாள்.

மைக்கைப் பெஞ்சில் வைத்தாள்.

"தொப்பிக்காரம்மா. நிழல் பக்கம் வந்து உட்காருங்க. இப்பவே. நீங்க வந்தாதான் மத்தவங்க வருவாங்க. வாங்க."

அப்படி ஒரு குரலை அந்தத் தலைமையாசிரியை தன் தொண்டையிலிருந்து தவிர வேறெங்கும் கேட்டதில்லை. அவர் மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு நடந்துவந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே பதினெட்டு இருபது பேர் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். முதல் அலை வந்தது. படகு ஏறி இறங்கியது. இரண்டு, மூன்று. ஒரு குழந்தை சிரித்தது. கேப்டன் மூக்கைப் பழையபடி திருப்பினார். அவ்வளவுதான்.

அக்காவுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. சம்பந்தம் போயிற்று என்றே முடிவுகட்டினாள். மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனாலும் போய்த் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

"டீச்சர், எல்லார் முன்னாடியும் சொன்னதுக்கு வருத்தமா இருக்கு. சொன்னதுக்கு வருத்தம் இல்ல. நாளைக்கு நீங்க வந்தாலும் இதேதான் சொல்வேன்."

தலைமையாசிரியை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தண்ணின்னா ஆகாது" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஏழு வயசுல குளத்துல முங்கிட்டான். இழுத்துப் போட்டாங்க. அதுலேர்ந்து பாலத்துமேல பஸ் போனாக்கூடக் கண்ணை மூடிப்பான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். படகுக்காரங்க வீட்டுப் பொண்ணு, சிரிச்சிடுவாளோன்னு. இன்னைக்கு அவன் கையைப் பிடிச்சுக்கலாம்னுதான் அங்கேயே நின்னேன். சூரியனைப் பார்க்கவா நின்னேன் நான்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

நிழல் பக்கத்துப் பெஞ்சிலிருந்து சூரியன் தெரியாது, ஆட்களின் பாதி முகமும் தோளும்தான் தெரியும். பையன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். மகள் சூரியனுக்கு முதுகைக் காட்டி, அலை வரும் பக்கம் பார்த்து நின்றாள். ஒரு கை அவன் முதுகில். உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு முறையும் அது அசைந்த பிறகுதான் படகு ஏறியது. பிறகு இன்னொரு வார்த்தை, படகு இறங்கியது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. 'இப்ப ஒண்ணு வருது, சின்னது. போயிடுச்சு. இன்னொண்ணு வருது.' அவ்வளவு மெதுவாகப் பேச அந்தப் பெண் யாரிடம் கற்றாளோ, தன்னிடம் இல்லை. ஆனால் அலையைப் பார்க்கக் கற்றது இங்கேதான். பையனின் முட்டி அவள் சொல்லச் சொல்லத் தளர்ந்து கொடுத்தது. சிரிக்கிறவள் முகமா அது? எல்லாம் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

சூரியன் முங்கியது போலிருக்கிறது, எல்லோரும் கை தட்டினார்கள். பையன் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் ஏதோ சொன்னாள். கண்ணை மூடியபடியே அவன் சிரித்தான்.

தலைமையாசிரியை பாதி எழுந்தார். படகு நேராகத்தான் நின்றது, ஓர் ஆள் போவதால் ஒன்றும் ஆகிவிடாது.

"போங்க டீச்சர், இப்பப் போகலாம்" என்றாள் அக்கா.

அவர் நின்றவாறே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

"வேணாம். இனிமே அங்க எனக்கு வேலை இல்ல, சம்பந்தி."

கேப்டன் இன்ஜினை முடுக்கினார். கரைக்குப் போகும்போது எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டியது அக்காவின் வேலை. நாற்பத்திரண்டு பேரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அவளுக்குக் குரல் வரவில்லை.

"எனக்கும்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.