எல்லாக் கட்டத்துக்கும் டிக்

மெஹருன்னிசாவுக்கு ஒரே வேலையை இரண்டு தடவை செய்யப் பிடிக்காது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, ஒவ்வொரு பனையோலைப் பெட்டியின் அளவையும் நிறத்தையும் கம்பெனி கம்ப்யூட்டரில் ஒரு முறை தட்டி, அப்புறம் அதையே கம்பெனி வெப்சைட்டில் இன்னொரு முறை தட்டுவது. இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

இராமநாதபுரத்தில் சீனி முகம்மது நடத்திய சின்ன ஏற்றுமதிக் கம்பெனி அது. பெரியபட்டினத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே முடைந்து தருகிற பெட்டி, கூடை, தட்டெல்லாம் அங்கிருந்து வெளிநாடு போகும். பெரியபட்டினத்தில் அவள் தெருவிலிருந்து பஸ் ஏறி ஆபீசுக்குப் போன முதல் பெண் மெஹருன்னிசாதான். பி.காம். படித்துவிட்டுக் கம்ப்யூட்டரும் பழகியவள் என்பதால் தெருவே அவளைக் 'கம்ப்யூட்டர் லாத்தா', அதாவது கம்ப்யூட்டர் அக்கா, என்று கூப்பிட்டது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உண்டு என்பதை இப்போது அவளே ஒப்புக்கொள்கிறாள்.

கம்ப்யூட்டரில் சரக்கு விவரத்துக்கென்று ஒரு புரோகிராம் இருந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பக்கம். பெயர், அளவு, நிறம், முடைந்தவர் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம் சும்மா கிடந்தது. அதில் மெஹருன்னிசா தனக்கு மட்டும் புரிகிற மாதிரி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைப்பாள். 'கண் ஆபரேஷன், ஒரு மாசத்துக்கு வேலை தர வேண்டாம்.' 'மகளுக்கு நிக்காஹ், நிறைய ஆர்டர் கொடுக்கணும்.' காரணம் இருந்தது. அந்த ஊரில் கஷ்டம் என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதிலும் மாப்பிள்ளை அரபு நாட்டில் இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். கேட்காமலேயே கொடுக்க வேண்டும். கொடுப்பதையும் வேலையாகத்தான் கொடுக்க வேண்டும்.

எதிர்வீட்டு உம்மு ஹபீபா அவளோடு மதரஸாவில் ஒன்றாக ஓதியவள். கணவர் மதார் துபாயில் கட்டட வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவரிடமிருந்து போன் வரும். அன்றைக்கு ஹபீபா நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, செல்போனை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

"ஏ புள்ள, போன்ல சேல தெரியுமாக்கும்?" என்று மெஹருன்னிசா கிண்டலடிப்பாள்.

"ஒனக்கு என்னத்தத் தெரியும், போ" என்று ஹபீபா முகம் சிவப்பாள்.

2008 ஐப்பசியில் ஒருநாள் அதே ஹபீபா கொல்லைப்பக்கமாக வந்து நின்றாள். "ரெண்டு நாளா அடுப்பு பத்த வைக்கல புள்ள. அவுக ஒண்ணும் அனுப்பல. கேட்டா மனசு ஒடஞ்சு போவாக. ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

மறுநாளே மூடி போட்ட பெட்டி அறுபதுக்கான ஆர்டர் ஹபீபாவுக்குப் போனது. மறந்துவிடக் கூடாதென்று மெஹருன்னிசா அந்தப் பெட்டியின் கடைசிக் கட்டத்தில் தட்டினாள்: 'வீட்டில் அடுப்பு எரியவில்லை. துபாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. முதல் ஆர்டர் இவளுக்கு. வெளியே தெரியக் கூடாது.'

அடுத்த மாதம் சரக்குப் புரோகிராமையும் வெப்சைட்டையும் இணைத்தார்கள். யோசனை மெஹருன்னிசாவுடையதுதான். இங்கே ஒரு தடவை தட்டினால் போதும், அங்கே தானாகப் போய்விடும். வெப்சைட் செய்து கொடுத்த மதுரைக்காரர் போனில் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கத்து அளவை அந்தப் பக்கத்து அளவோடும், நிறத்தை நிறத்தோடும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.

"வெளிய போக வேண்டாங்கிற கட்டம் எதுவும் இருந்தா டிக்க எடுத்துருங்க மேடம்" என்றார் அவர்.

"எல்லாம் சரக்கு விவரந்தான் சார்" என்று அத்தனைக்கும் டிக் போட்டாள்.

கடைசிக் கட்டம் அவளுக்கு ஞாபகமே வரவில்லை. அதில் எழுதியதெல்லாம் கம்ப்யூட்டரில் இருப்பதாக அவள் நினைத்ததே இல்லை. தன் மனசில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். சரி பார்க்க முதல் பத்துச் சரக்கைத் திறந்தாள். எல்லாம் தட்டுகள், கடைசிக் கட்டம் காலி. பத்தே நிமிஷத்தில் நானூறு சரக்கும் வெப்சைட்டில் ஏறிவிட்டன. சீனி முகம்மது அல்வா வாங்கிக் கொடுத்தார். துபாயிலிருக்கிற ஊர்க்காரர்களுக்கெல்லாம் பெருமையாக மெயிலும் அனுப்பினார். வெள்ளைக்காரனுக்குப் புரியாத எழுத்து ஊர்க்காரனுக்குப் புரியாதா என்ன?

மூன்றாம் நாள் சீனி முகம்மது அவளைக் கூப்பிட்டுத் தன் கம்ப்யூட்டரைக் காட்டினார். அழகான பெட்டிப் படம். முடைந்தவர், உம்மு ஹபீபா, பெரியபட்டினம். அதற்குக் கீழே, வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதற்கும் கீழே, வெளியே தெரியக் கூடாது.

அவள் உடனே அழித்தாள். அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.  

துபாயில் பன்னிரண்டு பேர் தங்கும் அறையில் ஒருவன் அதை உரக்கப் படித்திருக்கிறான். மதாரும் அங்கேதான் இருந்தார். அவருடைய கம்பெனி மூடி நாலு மாசம். ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அறைக்காரர்கள் தட்டில் சாப்பிட்டு, வேலை தேடிக்கொண்டிருந்தார். இது யாருக்குத் தெரியும்? அந்த வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஹபீபா அடித்தால் எடுக்கவில்லை. 'ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வச்சவகிட்ட எனக்கென்ன பேச்சு' என்று ஊரிலிருக்கும் தன் தம்பியிடம் சொல்லிவிட்டாராம். மெஹருன்னிசா தன் மேல்தான் தப்பென்று அவருக்கு இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டுக்கும் பதில் இல்லை.

ஹபீபாவிடம் போய் நின்றபோது அவள் கதவை அடைக்கவில்லை. அறுபது பெட்டியும் முடித்து அடுக்கி வைத்திருந்தாள்.

"நீ கெட்டது நெனச்சு எழுதல. அது எனக்குத் தெரியும் புள்ள" என்றாள். "ஆனா நான் ஒங்கிட்டதான சொன்னேன்?"

 

இப்போது 2009. மதாருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. மாசாமாசம் தம்பி மூலமாகப் பணம் வருகிறது, போன் மட்டும் வருவதில்லை. எதிர்வீட்டில் அடுப்பு எரிகிறது. மெஹருன்னிசா எதையும் கம்ப்யூட்டரில் எழுதி வைப்பதில்லை. வீடு வீடாகப் போய், பார்த்துத் தெரிந்துகொண்டு வருகிறாள். ஒரே தெருவை இரண்டு தடவை நடக்க இப்போது அவளுக்குச் சலிப்பில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் மதியத்துக்கு மேல் வாசல் பக்கம் வருவதில்லை. வந்தால் எதிர்ஜன்னல் தெரியும். ஹபீபா இன்னும் நல்ல சேலைதான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.