பிள்ளைகள் தூங்கும் நேரம்

இலங்கைத் தோட்டங்களில் இருந்த எங்களுக்கு ஓட்டு இல்லையென்று ஆன பிறகு வந்த வருடங்களில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நான் ஆயாவாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இருபது பிள்ளைகளுக்குக் குறையாது. அதில் ஒன்று என்னுடைய இரண்டாவது மகள். ஒன்றரை வயது.

மத்தியானம் தாய்மார் வந்து பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பியதும் பிள்ளைகள் தூங்கிவிடும். சேலைத் தொட்டில்கள் ஒவ்வொன்றாக அசைவது நின்றால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில்தான் எழுத ஆரம்பித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். கல்யாணமாகி இந்தியாவுக்குப் போன அக்கா, தலைமன்னாரில் கப்பலேறிய பிறகு ஒரு கடிதமும் போடவில்லை. அவள் அங்கே எப்படி இருப்பாள் என்று நானாகவே ஒரு கதை எழுதிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை. நாலு மாதத்தில் ஒரு கொப்பி நிறைந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒளித்து எழுதவில்லை. பிள்ளையைத் தூக்க வருகிற பெண்கள் எட்டிப் பார்த்து, "என்ன, தொரைக்கு மனு எழுதுறியா?" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இரண்டாவது கொப்பியில் ஆறேழு பக்கம் போயிருக்கும். அந்த மழைக்காலத்தில் கக்குவான் இருமல் வந்தது. ஒரு பிள்ளை இருமத் தொடங்கினால் அடுத்தடுத்த தொட்டில்களும் எழுந்துவிடும். மத்தியானத் தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. கொப்பியை அரிசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் என் மகளும் இருமினாள். டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்து அவள் வயிற்றில் தங்கவில்லை. ஒரு பகல், என் மடியிலேயே, இருமி இருமி முகம் நீலமாகி, இழுத்த மூச்சு வெளியே வராமல் போய்விட்டாள். அப்போதும் என் இடது தோளில் வேறொருத்தியின் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

காரியம் முடிந்த பிறகு, மலையிலிருந்து தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு போனேன். எனக்கு முன்னால் நின்றவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அவ புள்ளய எங்க பாத்தா? எழுதிக்கிட்டுல்ல இருந்தா." திரும்பி என்னைக் கண்டதும் பாதிக் குடத்தோடு போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை செய்தார். அதிகம் பேசமாட்டார். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். சில நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு நீ எழுதிக்கிட்டா இருந்த?"

"இல்லங்க. மடியில வச்சிருந்தேன்."

"சரி" என்றார்.

நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. மறுநாளே, வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயாவிடம் போய், ஆயா வேலை வேண்டாம், எனக்குக் கொழுந்து வேலையே போதும் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தொட்டில்களுக்கு நடுவே என்னால் நிற்க முடியவில்லை.

ஒரு வருடம் போல எதுவும் எழுதவில்லை. மலையில் ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்காது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்த்தேன். துவைத்த துணியைக் காயப்போட்டு, விறகு கொண்டுவந்து, பெரியவளுக்குத் தலை பார்த்த பிறகு கொப்பியைத் திறப்பேன். இரண்டு வரி வரும். அதற்குள் கூரை ஒழுகும், இல்லாவிட்டால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவரும் வராத ஞாயிறுகள்தான் எனக்குக் கஷ்டம். நான் பேனாவை எடுத்தால் எங்கோ ஒரு பிள்ளை இருமுவது போலிருக்கும். எழுந்து போய் வாசலில் நிற்பேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு மறுபடி உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று வருடத்தில் இரண்டாவது கொப்பியும் நிறைந்து, அக்காவின் கதை ஒரு வழியாக முடிந்தது. படித்துப் பார்த்தேன். முதல் கொப்பியில் இருந்த அக்கா இரண்டாவது கொப்பியில் இல்லை. பெயர் மட்டும் இருந்தது.

அன்று வீட்டுக்காரர் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்க."

"வாசி, கேப்போம்."

வாசித்தேன். பாதி வரைக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு மெதுவாக, "நம்ம புள்ளயப் பத்தி எங்கயாச்சும் எழுதியிருக்கியா?" என்றார்.

"இல்லங்க."

"ஒரு எடத்துலயும் இல்லயா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் கோபப்படவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போய்விட்டார்.

இத்தனை வருடமாக அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுத்த ஞாயிறு புதுக் கொப்பியில் அவளைப் பற்றித் தொடங்கினேன். அவள் பிறந்தது, முதல் பல் வந்தது, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு காம்பரா முழுக்க நடந்தது, எல்லாம் எழுதினேன். முதல் நாள் இருமல் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு வரியும் எழுத முடியவில்லை. எத்தனையோ ஞாயிறுகள் போய்விட்டன. இன்றுவரை முடியவில்லை.