துருப்பிடித்த ஒரு முள்

ஜிக் என்பது ஈயத்தில் வார்த்து வண்ணம் பூசி, தூண்டில் முள் மாட்டிய பொய் மீன். இரை குத்த வேண்டாம், தூரமாக வீசவும் வேண்டாம். படகோரமாக இறக்கி, அடி தொட்டதும் தூண்டில் கம்பைச் சுண்டிச் சுண்டி மேலே இழுத்தால் போதும். தோளில் தெம்பு தேவையில்லை, கையில் பிடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பிடியைச் சோதிக்கத்தான் என் மனைவியின் அண்ணன், என் மச்சான், பத்து மாதம் கழித்துக் கடலுக்குக் கிளம்பினார். பக்கவாதம் வந்து படுத்தவருக்கு நடை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது. வலக்கை மட்டும் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. பேராவூரணிக்குக் கிழக்கே அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. “இந்தக் கையால ஒரு மீனைத் தாங்கிட்டேன்னா தோப்பை நானே பாத்துக்குவேன் மாப்ள. இல்லன்னா குத்தகைக்கு விட்டுட வேண்டியதுதான்” என்று போனில் சொன்னார். குத்தகை என்ற சொல்லை அவர் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை தூண்டில் பெட்டியைத் திறந்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு ஜிக்கில் நான்கின் முள்ளும் வளையமும் துரு. கடைசியாகக் கடலுக்குப் போய் வந்த அன்றைக்கே ஒவ்வொன்றையும் குழாயடியில் நன்றாகக் கழுவி, துடைத்து, காயவைத்துத்தான் எடுத்து வைத்திருந்தேன். “உங்க தூண்டில் மாதிரி என்னையும் இப்படிப் பளபளன்னு வச்சுக்கக் கூடாதா” என்று மனைவிகூட அன்றைக்குக் கேலி செய்தாள்.

ஒரு ஜிக்கை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. கடல் உப்பைக் கழுவ நான் பயன்படுத்தியது எங்கள் வீட்டு போர் தண்ணீர். நான் திருவையாற்றில் பிறந்து வளர்ந்தவன், எனக்குக் குழாயில் வருவதெல்லாம் நல்ல தண்ணீர். பெண் எடுத்த ஊருக்கே குடிவந்து பன்னிரண்டு வருடமாகக் கேனில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன். கடலோரத்து போர் உப்பென்று தெரியாமலா வாங்குகிறேன்? இருந்தாலும் கை பழைய புத்தியிலேயே குழாயைத் திறந்திருக்கிறது. உப்பை உப்பால் கழுவிய புத்திசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பட்டுக்கோட்டைக்கு ஓடினேன். கடையில் அந்த அளவு முள் இல்லை. திரும்பி வந்து கேன் தண்ணீரில் எல்லாவற்றையும் ஊறவைத்து, அரம் எடுத்து உட்கார்ந்தேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், துரு நகரவில்லை. மேலாக இருந்தது போனது, உள்ளே அரித்தது அப்படியே இருந்தது. நல்ல முள் இரண்டே இரண்டு.

மச்சான் முதலில் கேட்கப்போவது இளஞ்சிவப்பு ஜிக்கைத்தான், அது அவருக்கு ராசி. அதன் முள்ளை நகத்தில் இழுத்துப் பார்த்தேன். கூர் இருந்தது, வளைவில் மட்டும் கறுப்பாக அரித்திருந்தது. நல்லதைக் கழற்றி அதில் மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. அவர் கையில் எங்கே மீன் நிற்கப்போகிறது, நல்ல முள் என்னிடம் இருந்தால் வீட்டுக்குக் குழம்புக்காவது ஆகும் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மனைவியின் நகப்பூச்சை எடுத்து அந்தக் கறுப்பின் மேல் தடவினேன். அழகாகத்தான் இருந்தது.

காலையில் கடல் தட்டையாகக் கிடந்தது. படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். மச்சான் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து, வலக்கையில் கம்பும் இடக்கையில் ரீலுமாக, நிதானமாகச் சுண்டினார். நானும் எதிர்ப்பக்கம் சுண்டினேன். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு அவர் கம்பு வளைந்தது. பாறை மீனாக இருக்க வேண்டும், நேராகக் கீழே இழுத்தது. வலக்கை கம்போடு தாழ்ந்தது, ஆனால் விடவில்லை. எழுந்து பிடிக்கப் போன என்னிடம், “வேணாம், நீங்க உக்காருங்க” என்றார். நாலு சுற்று, ஐந்து சுற்று தூண்டில் நரம்பு ரீலில் ஏறியது. திடீரென்று கம்பு நிமிர்ந்துவிட்டது.

அவர் ஜிக்கைப் பார்க்கக்கூட இல்லை. கம்பை என்னிடம் நீட்டிவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டார். “கை விட்டுருச்சு மாப்ள. தோப்புக்கு ஆள் பாத்துடலாம்.”

மிச்ச நரம்பைச் சுற்றினேன். இளஞ்சிவப்பு ஜிக் வந்தது. முள் வளைவிலேயே முறிந்து, அடிக்கட்டை மட்டும் தொங்கியது. உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அதைக் கடலில் நழுவவிட ஒரு நொடி போதும். அவரும் கேட்டிருக்க மாட்டார்.

“கை விடலை மச்சான். முள்ளு ஒடிஞ்சிருக்கு” என்று விரித்துக் காட்டினேன். போர் தண்ணீர், அரம், நகப்பூச்சு, நல்ல முள்ளை எனக்கு வைத்துக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

அவர் அந்த அடிக்கட்டையை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

“அப்ப நான் விடலையா?” என்றார்.

“நீங்க விடலை மச்சான்.”

வலக்கையை மடக்கி விரித்து, மறுபடி மடக்கிப் பார்த்தார். பிறகு அதே கையை என் பக்கம் நீட்டினார்.

“உங்க ஜிக்கைக் கழட்டிக் கொடுங்க.”