ஒரு அறை நிறையக் கடைப் பலகைகள்

பழைய வீடியோ கேம் கடைகளில் தொங்கிய விளம்பரப் பலகைகளைச் சேர்த்து விலை சொல்வது, பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு, செய்கிறவனுக்கு வீட்டுக்குள் நடக்க வழியில்லாத தொழில்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பலகைகளைக் கேம் கம்பனிகள் ஒரு காலத்தில் கடைக்காரர்களுக்குச் சும்மா கொடுத்தன. சில வெறும் தகரம், சிலவற்றின் உள்ளே குழல் விளக்கு எரியும். விற்பனைக்கென்று ஒருபோதும் வந்தவை அல்ல. கடை மூடினால் குப்பைக்குப் போகும், அதிர்ஷ்டம் இருந்தால் நிலவறைக்குப் போகும். அதனால்தான் இப்போது ஆட்கள் தேடி அலைகிறார்கள்.

நான் இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தாத் தெருப் பக்கம் வீடுகள் துடைக்கிறவன். அது சோற்றுக்கு. பலகை வியாதிக்கு. எதையாவது சேர்த்து, வீட்டாருக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் தள்ளிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்களும் என் வார்டு நோயாளிதான்.

என் மனைவி ஜெசிந்தாவும் மகள் ஷாலினியும் யாழ்ப்பாணத்தில், பாஷையூரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நாலு வருஷமாகப் பேப்பர் சேர்த்தேன். சம்பளப் பேப்பர் சரி, வாடகைப் பேப்பர் சரி. கடைசியில் மிஞ்சியது ஒன்று: என் வீடு மூன்று பேருக்குப் போதும் என்று, ஆள் வந்து அளந்து பார்த்துத் தரவேண்டிய பேப்பர். அதே நகரில் ஒரேத்தோப் பகுதியில் என் வீட்டுக்கு இரண்டு அறை. ஒன்றில் நான் இருந்தேன், மற்றதில் பலகைகள் இருந்தன.

முதல் பலகை

நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவின், இங்கத்தைய பேச்சில் சின்யோராவின், தம்பி ஒருகாலத்தில் கேம் கடை வைத்திருந்தவர். கடை மூடிப் பல வருஷம். ஒருநாள் சின்யோரா நிலவறைத் திறப்பைத் தந்து, அங்கே கிடக்கிறதெல்லாவற்றையும் எறியச் சொன்னார். எல்லாவற்றையும் எறிந்தேன், ஒன்றைத் தவிர. என் நெஞ்சளவு உயரம், மஞ்சள் பந்தயக் கார் ஒன்று ஆளை நோக்கி வருகிற படம், பின்னால் மின்கம்பி. சும்மா செருகிப் பார்த்தேன். இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். வேலை முடிந்து போய்க் கதவைத் திறக்கும்போது வீட்டில் என்னைத் தவிர வேறு ஏதாவது இருக்கட்டும் என்று பட்டது. போர்வையால் சுற்றி, கயிறு கட்டி, மாபிள் படிகளில் ஒவ்வொரு படியாக இறக்கினேன். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த சின்யோரா சொன்னார். (அவர் சொன்னது இத்தாலியனில். இந்தக் கட்டுரையில் இத்தாலியர்கள் எல்லோரும் என் தயவில் எங்கள் தமிழ் கதைப்பார்கள்.)

"உம்மை அதை எறியச் சொன்னனான், கலியாணம் கட்டச் சொல்லேல்லை."

துடைத்த கதை

இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது பளபளப்பு. புதுச் சின்யோரா ஒருவர் வேலைக்கு எடுத்தால் முதல் நாளே அலுமாரியின் மேல் விரலை இழுத்துப் பார்ப்பார். விரல் சுத்தமாக வந்தால் வேலை நிலைக்கும். ஆகவே சந்தையில் வாங்கிய மூன்றாவது பலகையை, வேறு யோசனையே இல்லாமல், வேலைக்குக் கொண்டுபோகும் அதே வாளி, அதே துணி, அதே வினாகிரியோடு அணுகினேன். சிகரெட் புகை படிந்து தேயிலைச் சாயமாக இருந்தது. ஓரத்தில் கறுப்பு மையால் பிள்ளைகளின் பெயர்களும், பக்கத்தில் அவர்கள் எடுத்த புள்ளிகளும் எழுதியிருந்தன. கடைக்காரர் கையால் எழுதியிருக்க வேண்டும். கடைசிப் பெயர் போக நன்றாகத் தேய்க்க வேண்டியிருந்தது.

இந்தப் பலகைகளை வாங்குகிறவர்களில் பெரிய கை, மொண்டெல்லோவில் வீடு உள்ள ஒரு பல் வைத்தியர். இத்தாலியனில் தொத்தோரே, அதாவது டொக்டர், என்று கூப்பிடுவேன். படத்தை அனுப்பச் சொல்லமாட்டார், தானே வருவார். வந்தார். நான் பெருமையாகத் துணியை விலக்கினேன். அவர் விரலை ஓரத்தில் இழுத்துப் பார்த்தார். விரல் சுத்தமாக வந்தது. முதல்முறையாக ஒரு சுத்தமான விரலைப் பார்த்து ஒரு மனிதன் கவலைப்பட்டதைக் கண்டேன்.

"இதிலை இருவது வருஷம் இருந்தது. ரெண்டு மணித்தியாலத்திலை எல்லாத்தையும் துடைச்சுப் போட்டீரே!"

முதுகைப் பார்த்தல்

அதற்குப் பிறகு தொழிலைப் படித்தேன். பலகையின் முகம் பொய் சொல்லும், முதுகு சொல்லாது. பழசாக இருந்தால் தொங்கிய இடத்தில் துரு இருக்கும், விளக்கு மாற்றக் கழற்றிக் கழற்றி ஆணி வாய் தேய்ந்திருக்கும், சூடுபட்ட இடம் கறுத்திருக்கும். இப்போது அச்சடித்து விற்கிற போலிகளில் முகம் அச்சு அசல், முதுகு பிறந்த குழந்தை. இரண்டு மூன்று பேருக்குச் சரியாகச் சொன்னதில் என் பெயர் மெல்லப் பரவியது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்தால் எங்கள் ஆட்களே தொலைபேசியில் படம் காட்டி விலை கேட்பார்கள்.

அப்படித்தான் ரஞ்சன் வந்தான். என்னோடு வேலைக்குப் போகிறவன், உணர்ச்சிக்காரன். விண்கலம் போட்ட பெரிய பலகை ஒன்றை ஞாயிற்றுச் சந்தையில் வாங்கி, அதை விற்று ஸ்கூட்டர் எடுக்கிற கனவோடு முதுகில் சுமந்து வந்திருந்தான். நான் திருப்பினேன். நாலு புது ஆணி, ஒரு கீறல் இல்லை. நான் வாயைத் திறக்க முதலே அவனுக்கு விளங்கிவிட்டது. பலகையைத் திரும்பவும் முகம் தெரிய நிமிர்த்தி வைத்தான்.

"அண்ணை, முன்பக்கத்தைப் பாத்து விலை சொல்லுங்கோ. நானும் முன்பக்கத்தைப் பாத்துத்தானே காசு குடுத்தனான்."

கோயில் வளவுச் சட்டம்

வீடு அளக்க வருகிற நாளைக் குறித்து நகரசபை கடிதம் போட்டிருந்தது. பத்து நாள் இருந்தது. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? அந்த நகரசபைக் கந்தோருக்கே போய், சாமான் இருந்தால் பரவாயில்லையா என்று கேட்பான். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. பலெர்மோத் தமிழருக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியானாலும் பென்ஷனானாலும் இத்தாலியச் சட்டம் முழுவதும் பூசை முடிந்த பிறகு கோயில் வளவில்தான் விளங்கும்.

வளவில் ரஞ்சன் சட்டம் சொன்னான். அவனுடைய மச்சானின் சிநேகிதன் வீட்டில் ஒரு பெரிய அலுமாரி நின்றதாம். அளந்தவர் அது நின்ற இடத்தைக் கழித்து எழுத, பேப்பர் கிடைக்காமல் போனதாம். சுற்றி நின்ற ஐந்து பேரும் "ஓம் ஓம்" என்றார்கள். என் அறையில் பதினேழு பலகைகள். சுவர் நிறைந்து, தரையில் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றைக் கழித்தால் ஒரு கோழிக்குத்தான் இடம் மிஞ்சும். வேறு யாராவது வீட்டில் கொஞ்சநாள் வைக்கலாமா என்று இழுத்தேன். எல்லோருடைய வீடும் என் வீட்டைவிடச் சின்னது. ரஞ்சனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, உங்களுக்கு மனிசி வேணுமோ, போர்ட் வேணுமோ? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

விற்ற நாள்

தொத்தோரேக்குத் தொலைபேசி அடித்தேன். வான் வண்டியோடு வந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன்: இது துரு, இது கடைக்காரர் எழுத்து, இது நகல் இல்லை. ஒரு வேலைக்காரனாக நான் எத்தனையோ வீடுகளில் நின்றிருக்கிறேன். என் சொந்தச் சாமான் முன்னால் சொந்தக்காரனாக நின்று கதைத்தது அன்றைக்குத்தான் அதிகம். ஆனால் கதைத்த கதையில், அளக்க வருகிற வியாழக்கிழமைக்கு முதல் அறை வெறுமையாக வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். அவர் பாதி விலை சொன்னார். நான் தலையாட்டினேன்.

மஞ்சள் காரை மட்டும் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிறகு கதவுக்குப் பின்னாலும் அளப்பார்களோ என்று பயம் வந்தது. அதையும் தூக்கி வானில் ஏற்றினேன். அழவில்லை, ஆனால் உதவிக்கு வந்த ரஞ்சன் என் முகத்தைப் பார்க்காமல் கயிறு கட்டினான். நல்ல மனிதர் தொத்தோரே, வானை எடுக்க முதல் என் தோளில் தட்டினார்.

"நீர் விலையைச் சொல்ல முதல் அவசரத்தைச் சொல்லிப்போட்டீர். பிறகு நான் என்ன செய்யிறது?"

அளக்க வந்தவர்

வியாழக்கிழமை காலை ஒரு மெலிந்த மனிதர் வந்தார். கையில் தீப்பெட்டியளவு கருவி. ஒரு சுவரில் வைத்து அமத்தினார், எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது, இலக்கத்தை எழுதினார். யன்னலைத் திறந்து பார்த்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார். நான் கொடுத்த கோப்பியைக் குடித்த நேரம்தான் அதிகம். வெறும் அறையின் நடுவில் நான் காவல்காரன் மாதிரி நின்றேன்.

எல்லாம் சரி, பேப்பர் கிடைக்கும் என்றார். சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்: "இந்த அறையிலை சாமான் இருந்திருந்தால்?" அவர் கருவியைச் சட்டைப் பையில் போட்டபடி சொன்னார்.

"நான் சுவரிலையிருந்து சுவருக்கு அளக்கிறனான். நடுவிலை யானை நிண்டாலும் எனக்கென்ன?"

வந்து சேர்ந்தவர்கள்

ஜெசிந்தாவுக்குப் பலகைகளைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. நாலு வருஷமும் வீடியோவில் குசினி அடுப்புக்கு முன்னால் நின்றுதான் கதைத்தேன். ஷாலினி ஒரு பொம்மைக்கு அங்கே அழுதுகொண்டிருக்க, அப்பன் இங்கே விளையாட்டுக் கடைப் பலகை வாங்குகிறான் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

இருவரும் வந்தார்கள். விமான நிலையத்தில் ஷாலினி என்னை நிமிர்ந்து பார்த்து, படத்தில் பார்த்ததைவிடக் கட்டையாக இருக்கிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து அந்த அறையைத் திறந்து காட்டினேன். புதுக் கட்டில், புதுத் திரை, நானே கழுவிய தரை. ஷாலினி கட்டிலில் ஏறி, சுவரில் ஆணி இருந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டு எண்ணத் தொடங்கினாள். ஜெசிந்தா பெட்டியைக் கீழே வைக்காமலே நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத்தினை ஓட்டை போட்டிருக்கிறியள், ஒரு மாதா படம்கூட மாட்டேல்லையே?"

ஆக, இந்தத் தொழிலில் எனக்கு மிஞ்சியது சுவர் நிறைய ஓட்டைகளும் அவற்றுக்குக் கணக்குக் கேட்க இரண்டு பேரும்தான், விலை மோசமில்லை.