தையற்கடையில் கேட்ட மலாய்

என் வேலை என்னவென்று தோட்டத்தில் சொல்வதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மூத்த மகள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்றதும், "எந்த வீட்டுல வேலை?" என்று கேட்பார்கள். வீட்டு வேலை இல்லை, பாஷை படிக்கிறாள் என்பார் அம்மா. "இன்னுமா படிக்கிறா?" என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு வயது முப்பத்தெட்டு. படித்துக்கொண்டும் படிப்பித்துக்கொண்டும்தான் இருக்கிறேன். அம்மா சொன்னதில் பொய் ஏதுமில்லை.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். உயர்தரம் முடித்ததும், வெள்ளைக்காரர்களும் ஜப்பான்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒரு நாள் யாரோ மேசையில் மறந்துவிட்டுப் போன சின்ன உரையாடல் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். ஜப்பானிய வாக்கியம் ஒன்றுக்குக் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கில அர்த்தம் போட்டிருந்தது. நான், தேநீர், குடிக்கிறேன். தமிழில் சொல்லுகிற அதே வரிசையில் இருந்தது. பள்ளிக்கூடம் முழுவதும் ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டியே களைத்துப் போனவள் நான். இங்கே எந்தச் சொல்லும் இடம் மாறவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கேத்தலை மறந்துவிட்டேன். தேநீர் கசாயமாகி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் ஒரு வகுப்புக்குக் கொண்டுபோனது. வகுப்பு ஒரு உதவித்தொகைக்கு. ஜப்பானில் படித்தேன், கொரிய மொழியையும் அங்கேயே தொட்டேன், பிறகு மலாயும் இந்தோனேசிய மொழியும். இப்போது மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். மலாய் எனக்குச் சுலபமாக வரவில்லை. ஆங்கிலம்போலவே அதுவும் வினைச்சொல்லை நடுவில் வைக்கிற மொழி. பழைய புரட்டல் வேலை மறுபடியும் வந்து சேர்ந்தது.

போன வருடம் தம்பிக்குக் கல்யாணம். என்னோடு வேலை செய்யும் இந்தோனேசியத் தோழியும் கூட வந்தாள். அவளும் மொழி ஆராய்ச்சிக்காரிதான்; மலாயின் கிளைமொழிகள் அவளுடைய துறை. ஜாவாக்காரியான அவளுக்கு நம் ஊர்க் குளிர் பிடித்துப்போய்விட்டது. இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரிந்தாள்.

கல்யாணத்துக்கு இருவருக்கும் ஜாக்கெட் தைக்க வேண்டும். ஹட்டனில் எங்களுக்குத் தெரிந்த தையற்கடை ஒன்றுதான். அதை நடத்தும் அக்காதான் எனக்குப் பள்ளிக்கூடத்து வெள்ளை உடுப்பு தைத்தவர். நான் வளர வளர மடிப்பை அவிழ்த்து நீளமாக்கிக் கொடுப்பார். முஸ்லிம் குடும்பம், தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, என் முதுகை அளந்தபடியே பேசினார். நான் முதலில் கவனிக்கவில்லை. தோழிதான் கண்களை அகல விரித்தாள். அப்புறம் என் காதிலும் விழுந்தது.

"சேடங் தர்தாவு," என்றார் அக்கா போனில்.

'தாவு' மலாய்ச் சொல். தெரியும் என்று அர்த்தம். நான் சட்டென்று திரும்பியதில் அளவு நாடா கீழே விழுந்தது.

"அக்கா, நீங்க பேசுறது மலாயா?"

அக்கா போனை வைத்துவிட்டு நாடாவை எடுத்தார். ஏதோ பிடிபட்டதுபோல முகம் சிறுத்துவிட்டது. "தங்கச்சியோட பேசினேன். நாங்க மலாய் ஆளுங்கதானே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. இலங்கை மலாயைப் பற்றி எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறேன். கோலாலம்பூர் நூலகத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். அதைப் பேசுகிற ஒருவர் பத்து வருடம் எனக்கு உடுப்பு தைத்திருக்கிறார், நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் தள்ளிக்கொண்டு சந்தோஷம் முன்னால் வந்தது.

"இப்ப போன்ல சொன்னது என்னாக்கா?"

"சேடங் தர்தாவா? எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

தோழி தன் மொழியில் அதையே சொல்லிக் காட்டினாள். "சாயா தீடா தாவு." அதில் 'நான்' என்றுதான் இருக்கிறது, 'எனக்கு' இல்லை. அக்கா சொன்னதில் 'சே' என்றால் நான். 'டங்' நம்முடைய 'க்கு'. 'தர்' இல்லை என்பதைச் சொல்கிறது. மலாய்ச் சொற்கள்தான், ஆனால் தமிழ் சொல்லுகிறபடியே வந்து நிற்கின்றன. வீட்டுக்கு என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "ருமாநங்," என்றார். 'ருமா' வீடு, 'நங்' அதே 'க்கு'வின் இன்னொரு வடிவம். தோழியின் ஊரில் 'கெ ருமா'. அங்கே முன்னால் நிற்பது இங்கே பின்னால் வந்துவிட்டது, 'வீட்டுக்கு' மாதிரியே.

நாங்கள் இருவரும் துள்ளாத குறை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கது உடைஞ்ச மலாய்ங்க," என்றார். "ஒருதடவ மலேசியாவுல இருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தாங்க. ஆசையா பேசினேன். அவங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் வெளி ஆளுங்ககிட்ட பேசுறதில்ல. பிள்ளைங்களும் வீட்டோட நிறுத்திக்கிட்டாங்க."

அக்கா சொன்னதைத் தோழிக்கும் சொல்லி, தோழி சொன்னதை அக்காவுக்கும் சொல்லி, வெகுநேரம் பேசினோம். உங்கள் முன்னோர்கள் கடல் தாண்டி வந்து எத்தனையோ தலைமுறை தமிழ் பேசுகிறவர்களோடும் சிங்களம் பேசுகிறவர்களோடும் புழங்கியிருக்கிறார்கள், அதில் மொழி இந்த ஊருக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது, இதற்கென்று சொந்த இலக்கணமே இருக்கிறது என்றேன். அக்கா கையிலிருந்த துணியைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்ப துணி அந்த ஊரு, தையல் இந்த ஊரா?"

தோழிக்கு மொழிபெயர்த்தேன். அவள் உடனே குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வருடக்கணக்காக இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டோம். அம்மா விடியும்போதே சமையலைத் தொடங்கிவிட்டார். "அவங்க சாப்பிடுற இறைச்சி நம்மகிட்ட இல்ல, மரக்கறிதான் சமைக்கிறேன். சட்டி புதுசுன்னு சொல்லிடு," என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா சாக்குப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் படிகளில் மூச்சு வாங்க ஏறினார்.

"வாங்கம்மா, வாங்க," என்று அம்மா கையைப் பிடித்தார். "எங்க மகளுக்கு அவ்வளவு உடுப்பு தைச்சீங்க, ஒருநாளும் வீட்டுக்குக் கூப்பிடல பாருங்க."

சாப்பிட்டபின் போனை மேசையில் வைத்துப் பதிவு செய்தோம். அக்கா தன் கல்யாணக் கதையைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் பட்டிப்பொலயில் பழுதாகி, மாப்பிள்ளை லொறியில் வந்து இறங்கிய கதை. அதை மலாயில் சொல்லச் சொல்ல, பாதியில் அம்மா சிரித்துவிட்டார்.

"உனக்கு என்னாம்மா விளங்குச்சு?" என்றேன்.

"வேன், பட்டிப்பொல, லொறி. மத்தது அவங்க மொகத்துலயே இருக்கே."

அம்மாவுக்கு ஒரு வாக்கியம் வேண்டுமாம். அக்கா 'சேடங் தர்தாவு' சொல்லிக்கொடுத்தார். அம்மா அதை உடனே பிடித்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னா இங்க சத்தம்?" என்று கேட்டபோது அம்மா நிமிர்ந்து, "சேடங் தர்தாவு," என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதிவில் அந்தச் சிரிப்பும் இருக்கிறது, குக்கர் விசிலும் இருக்கிறது.

இந்தப் பேச்சில் ஜாக்கெட்டை எல்லோரும் மறந்துவிட்டோம். அக்கா கடையை மூடிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாலும் நாங்கள் போன் எடுத்து இன்னொரு சொல் கேட்போம். நாங்கள் கடைக்குப் போனால் அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "நேத்து ஒண்ணு ஞாபகம் வந்துச்சு," என்று தொடங்குவார். கல்யாணத்தன்று காலை என் ஜாக்கெட்டில் கொக்கி இல்லை. தோழியுடையதில் ஒரு கையே இல்லை. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அக்கா முச்சக்கர வண்டியில் வந்து குதித்தார். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, என்னை நிற்கவைத்து முதுகிலேயே கொக்கி தைத்தார். தோழி ஒரு கை மட்டும் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, "கொக்கிக்கு உங்கள் மொழியில் என்ன?" என்று கேட்டாள். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார், ஊசி கீழே விழுந்தது. அம்மா வந்து மூவரையும் அதட்டினார். "கல்யாணம் முடிஞ்சு பேசிக்கங்க!"

கோவிலுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள்தான். ஆனால் இரண்டு ஜாக்கெட்டும் கச்சிதமாகப் பொருந்தின.

அக்காவிடம் சேர்த்த சொற்களும் பதிவுகளும் இப்போது ஒரு கட்டுரையாகியிருக்கின்றன. எழுதியவர்கள் மூன்று பேர். அக்காவின் பெயர் முதலில் இருக்கிறது. போன மாதம் அதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசினோம். அக்கா ஹட்டன் கடையிலிருந்தே போன் வழியாகத் திரையில் வந்தார். பின்னால் துணிச்சுருள்கள், பக்கத்தில் அவருடைய மூத்த மகள். மகள் இப்போது தன் அம்மாவிடம் கேட்ட சொற்களை எனக்குக் குரல்பதிவாக அனுப்புகிறாள். கூட்டத்தில் ஒரு மலேசியப் பேராசிரியர் எழுந்து, தன் மலாயில் மிகுந்த மரியாதையோடு அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். அக்கா பயப்படவில்லை. தன் மலாயில் நிதானமாகப் பதில் சொல்லத் தொடங்கினார். பாதியில் கடை வாசலைப் பார்த்தவர், "கொஞ்சம் இருங்க சேர், ஆள் வந்திருக்காங்க," என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நூறு பேர் உட்கார்ந்திருந்த அந்த மண்டபம் ஒரு கவுன் அளவெடுத்து முடியும்வரை காத்திருந்தது.